கட்டைவிரல் சாட்சி

ரப்பர் சூட்டைக் கழுவ ஒரு முறை இருக்கிறது. முதலில் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்ப வேண்டும். நல்ல தண்ணீரில் முக்கி எடுத்து, பிழியாமல், நிழலில் தொங்கவிட வேண்டும். வெயிலில் போட்டால் வெடிப்பு விழும். திருப்பாமல் போட்டால், நாளைக்கு அதை மாட்டுகிறவன் நேற்று மாட்டியவனின் முழு வரலாற்றையும் முகர்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.

கொட்டாவி திருப்பினான். முக்கினான். தொங்கவிட்டான். இடுப்பு தனியாகக் கழன்றுவிடும் போலிருந்தது. வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு காலைப்பொழுது முழுதாக முடியவில்லை.

கொட்டாவி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வருஷக்கணக்கில் இரவுக் காவல் பார்த்து, அதைத் தலைமுழுகிவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவன். வேலை போனது, தூக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. யார் எதைச் சொன்னாலும் முதலில் ஒரு கொட்டாவி, பிறகுதான் பேச்சு. கேஸ் கொடுக்க வந்தவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்தே எழுந்து போயிருக்கிறார்கள்.

படகுக்காரரின் மனைவி எழுந்து போகவில்லை. அவளுக்குப் போக வேறு இடம் இல்லை.

"நாளன்னைக்குக் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்கண்ணே," என்றாள் நேற்று. "அவரு உண்மையத்தான் சொன்னாரு. அந்த உண்மையாலதான் உள்ள இருக்காரு."

கடலுக்குள் மூழ்கிப் பவளப்பாறை பார்க்க ஆட்களைக் கூட்டிப்போகும் கடை இது. போன வாரம் இந்தக் கடையின் தலைமைப் பயிற்சியாளர், எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடுகிற ஆள், மிதவைக் கயிற்றைச் சரிபார்க்கப் படகில் போனார். தண்ணீரில் குதித்தார். படகுக்காரர் அவரை அங்கேயே விட்டுவிட்டு வாடிக்கையாளர்களை ஏற்றக் கரைக்கு வந்தார். திரும்பிப் போனபோது மிதவை இருந்தது, மாஸ்டர் இல்லை.

"ஏன்யா விட்டுட்டு வந்தேன்னு இன்ஸ்பெக்டர் கேட்டாரு. 'தண்ணில மிதந்துக்கிட்டே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாருங்க, வந்துட்டேன்'னு இவரு சொன்னாரு. பக்கத்துல இருந்த, கடையில முங்கக் கத்துக்குடுக்கற டீச்சரம்மா முகம் மாறிடுச்சு. அன்னைக்கே பிடிச்சுட்டுப் போய்ட்டாங்க. ஏன்னு யாரும் சொல்லல."

அவள் அந்தக் கடையில் சூட்டுக் கழுவிக்கொண்டிருந்தவள். புருஷன் உள்ளே போன கையோடு அவளையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். அவள் விட்ட வேலையில்தான் கொட்டாவி இன்று சேர்ந்திருந்தான். ஒரே நாள் உத்தியோகம். அதற்கே முதுகு இந்தப் பாடு.

"யோவ் புதுசு!"

முதலாளி வாசலில் நின்றார். வாசலில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதில் மருந்து கலந்த தண்ணீர். மணல் காலோடு உள்ளே வரக் கூடாது, யாராக இருந்தாலும் அதில் காலை நனைத்துவிட்டுத்தான் வர வேண்டும். அப்படி ஒரு பலகையை எழுதி மாட்டியவரே முதலாளிதான். அவர் மட்டும் தொட்டியைச் சுற்றிக்கொண்டு, குதிகாலை ஊன்றி ஊன்றி வந்தார். வலது பாதத்தில் கட்டு.

"கால்ல என்ன முதலாளி?"

"சிலிண்டர் விழுந்துடுச்சு. நீ உன் வேலையப் பாரு. தண்ணிக்குள்ள இறங்கிப் பழக்கம் உண்டா?"

"குளிப்பேன்."

"அது போதும். நானே கடை ஆரம்பிச்சதுலேருந்து தண்ணிக்குள்ள தலைய விட்டதில்ல. காதுல ஓட்டை. மேலாக்க நீந்துவேன், அவ்வளவுதான்." ஸ்வீட் கடைக்காரர் தன் சர்க்கரை வியாதியைச் சொல்வதுபோல் அலுப்போடு சொன்னார். "டீச்சர் கூப்பிடுவா. போய் ஒருதடவை முங்கிட்டு வா. இங்க வேலை பாக்கறவன் எல்லாரும் முங்கணும்."

கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, அடித்துக்கொண்டிருந்த போனை எடுக்க நொண்டிக்கொண்டே உள்ளே போனார்.

பயிற்சித் தொட்டி கடையின் பின்புறம். இரண்டு ஆள் ஆழம். அதன் விளிம்பில், வாடிக்கையாளர் வேஷத்தில், பணம் கட்டிக் கற்றுக்கொள்ள வந்தவள்போல் கொட்டாவியின் மச்சினி உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அவள் பெயர் பட்டாசு. அக்காள் புருஷனுக்கு உதவியாளராக வந்தவள், சம்பளத்தைவிட வாய்க்குத் தீனி கிடைப்பதால் நிலைத்தவள்.

சூட்டுக்குள் நுழைந்து நின்ற அத்தானை அவள் மேலும் கீழும் பார்த்தாள். யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல்தான் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. முடியவில்லை.

"டீச்சர், இந்தக் கத்தரிக்காயும் நம்ம வகுப்பா?"

டீச்சர் சிரிக்கவில்லை. மாஸ்டரிடம் தொழில் கற்றவள். ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடாத முகம். சிலிண்டரை அவன் முதுகில் மாட்டி, குழாயை வாயில் வைத்து, தானும் கூடவே இறங்கினாள்.

அடியில் போனதும் அவள் அவன் முகத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். நல்லாயிருக்கீங்களா? கொட்டாவி கட்டைவிரலைத் தூக்கினான். அவள் உடனே அவன் தோளைப் பிடித்து விறுவிறுவென்று மேலே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"என்னாச்சுண்ணா? மூச்சு முட்டுதா?"

"இல்லையே. நல்லாத்தானே இருந்தேன்."

மறுபடி இறங்கினார்கள். மறுபடி புருவம். மறுபடி கட்டைவிரல். மறுபடி மேலே.

"லிஃப்ட்டுல இருக்கற பொத்தான்கூட இவ்வளவு வேகமா வேலை செய்யாது," என்றாள் பட்டாசு கரையிலிருந்து.

டீச்சர் முகமூடியைக் கழற்றினாள். "அண்ணா, தண்ணிக்குள்ள வேற பாஷை. கட்டைவிரலைத் தூக்கினா 'மேலே போகணும், என்னை மேலே கொண்டு போ'ன்னு அர்த்தம். நல்லாயிருக்கேன்னா இப்படி." ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் சேர்த்து வட்டமாக்கினாள். "தண்ணிக்கு மேல மிதக்கும்போதுன்னா தலைமேல கைய வெச்சு வளைச்சுக் காட்டணும். முதலாளி நாற்காலிக்குப் பின்னாடி பெரிய படமே மாட்டியிருக்கே, பாக்கலையா?"

"அவர் முகத்தைப் பாக்கறதுக்கே தெம்பு பத்தல. அதுக்குப் பின்னாடி எங்க பாக்கறது?" என்று கொட்டாவி விட்டான். கொட்டாவி பாதியில் நின்றது.

இப்போது அவனுக்குப் புரிந்தது. படகுக்காரர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன ஒரே வார்த்தை, அவர் கழுத்துக்கே கயிறாக விழுந்திருந்தது. மேலே தூக்கு என்று கேட்ட மனிதனை நடுக்கடலில் விட்டுவிட்டு வந்ததாக அவரே வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்.

"டீச்சர், இதை இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னது நீங்கதானா?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். சூட்டுக் கழுவ வந்தவனுக்கு இது எதற்கு என்று அந்தப் பார்வை கேட்டது. ஆனால் பதில் சொல்லும் அளவுக்கு அவள் மனதில் சுமை இருந்தது.

"அவர்கிட்ட மட்டும்தான். வெளிய யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. முதல் நாள் மாஸ்டருக்கும் படகுக்காரருக்கும் சண்டை வேற. ஏணியில கால் இருக்கும்போதே எஞ்சினை ஓட்டிட்டாருன்னு மாஸ்டர் கத்தினாரு. அதனால அன்னைக்குப் படகுல ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கலையாம். படகு கிளம்பினப்போ நான் இங்க தொட்டிக்குள்ள வகுப்புல இருந்தேன். வெளிய வந்து நாலு வார்த்தை பேசி அனுப்பியிருக்கலாம்."

பேச்சை முடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மதியம், காற்றடைக்கும் அறைக்குப் பின்னால் இருந்த சுவர் நிழலில் இரண்டு பேரும் சந்தித்தார்கள். பட்டாசு கையில் பன், கொட்டாவி கையில் டீ.

"அப்ப படகுக்காரர் பொய் சொல்றாரா அத்தான்?"

"பொய் சொல்றவன் தனக்கு வசதியா சொல்லுவான். தன் தலையில தானே கல்லைப் போட்டுக்க யாராவது பொய் சொல்வானா? கட்டைவிரல் உண்மை."

"அப்ப மாஸ்டர் காப்பாத்துன்னு கேட்டிருக்காரு. இவரு டாட்டா காட்டிட்டு வந்துட்டாரு."

"உயிருக்குத் தவிக்கறவன் ஒத்தை விரலைக் காட்டிட்டு அமைதியா மிதப்பானா? கத்துவான். கைய ஆட்டுவான். படகு திரும்பிப் போறதைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கான், அந்த ஆளு. 'சரி, நீ போ'ன்னுதான் காட்டியிருக்கான்."

"மாஸ்டர் அப்படிக் காட்ட மாட்டாரே. டீச்சர்தான் சொன்னாளே."

"மாட்டாரு."

பட்டாசு பன்னைக் கடிப்பதை நிறுத்தினாள். "அப்படின்னா தண்ணில மிதந்தது…"

"தலைக்கு ரப்பர் குல்லா, மூஞ்சிக்கு முகமூடி. நீதான சொன்ன, அந்தச் சூட்டுக்குள்ள போனா எல்லாரும் கத்தரிக்காய். சண்டை போட்ட கோபம்னு படகுக்காரர் முகத்தைக்கூடப் பாக்கல. கரை பாஷை பேசற எவனோ, மாஸ்டர் வேஷத்துல போயிருக்கான்."

"இந்தக் கடையில கரை பாஷை பேசறவங்கன்னா நீங்க ஒருத்தர்தான் அத்தான். ஆனா போன வாரம் நீங்க வீட்டுல குறட்டை விட்டுக்கிட்டு இருந்ததுக்குத் தெருவே சாட்சி."

கொட்டாவியின் கண் வேறெங்கோ போயிருந்தது. எதிரே சுவரில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. வெளிக்காற்றை உறிஞ்சி, உள்ளே இருக்கும் இயந்திரம் அதைச் சிலிண்டரில் அடைக்கும். குழாய்க்கு நேர் கீழே, சிமெண்ட் தரையில், சதுரமாக ஒரு எண்ணெய்க் கறை. கறைக்கு உரிய ஜெனரேட்டர் இப்போது முற்றத்தின் மறு கோடியில் நின்றது.

காலிச் சிலிண்டரோடு வந்த டீச்சரிடம் கேட்டான். "அதை எப்ப தள்ளி வெச்சாங்க?"

"எவ்வளவு நாளா மாஸ்டர் கத்தினாரு தெரியுமா? ஜெனரேட்டர் புகை குழாய்க்குள்ள போகுது, இந்தக் காத்தை இழுத்தா தண்ணிக்குள்ளயே ஆள் மயங்கிப் போயிடுவான்னு. முதலாளி காதுல போட்டுக்கவே இல்ல. கடைசியா தள்ளி வெச்சாரு."

"மாஸ்டர் காணாமப் போனப்புறமா?"

"இல்லண்ணா. அன்னைக்குக் காலையில நான் வந்தப்பவே தள்ளியிருந்துச்சு. சிலிண்டரையும் அவரே காலி பண்ணிப் புதுசா அடைச்சுக்கிட்டு இருந்தாரு. ஆச்சரியமா இருந்துச்சு. மாஸ்டர் வந்தா சொல்லணும்னு நெனச்சேன். அதுக்குள்ள அவர் படகுல போய்ட்டாரு."

அவள் போனதும் பட்டாசு மெதுவாகச் சொன்னாள். "உயிரோட இருக்கறவன் பேச்சை இத்தனை நாளும் கேக்காத ஆளு, திடீர்னு ஏன் கேட்டாரு?"

"உயிரோட இருக்கறவன் பேச்சைக் கேட்டாருன்னு யார் சொன்னா?" என்றான் கொட்டாவி. டீ ஆறிப்போயிருந்தது. அதையும் குடித்தான். "போய் முங்கு. அடியில உக்காந்து கட்டைவிரலைக் காட்டு. யார் எட்டிப் பார்த்தாலும் காட்டு."

முதலில் எட்டிப் பார்த்தது டீச்சர். பட்டாசின் விரல் உயர்ந்ததுதான் தாமதம், கையிலிருந்த துண்டைப் போட்டுவிட்டு உடுத்திய துணியோடு குதித்தாள். பட்டாசு பூனைக்குட்டி மாதிரி கழுத்துப்பட்டையில் தொங்கியபடி மேலே வந்தாள். தெரியாமல் காட்டிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டாள். வாங்கிய திட்டில் பாதி கொட்டாவிக்கே உறைத்தது. டீச்சர் ஈரத்தோடு துணி மாற்றப் போனாள்.

அடுத்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு முதலாளி அந்தப் பக்கம் வந்தார். தொட்டிக்குள் பார்த்தார். அடியிலிருந்து பட்டாசு கட்டைவிரலைத் தூக்கினாள். தூக்கியதோடு நிற்காமல் மேலே மேலே என்று இரண்டு முறை குத்தியும் காட்டினாள்.

முதலாளி சிரித்தார். பதிலுக்குத் தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். போனில் பேசிக்கொண்டே நொண்டி நொண்டி உள்ளே போய்விட்டார்.

பட்டாசு தானாகவே மேலே வந்தாள். முகமூடியைக் கழற்றியபோது அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

"அத்தான், நான் நிஜமாவே செத்துக்கிட்டு இருந்திருந்தா? அந்த ஆளு லைக் போட்டுட்டுப் போறான்."

சாயங்காலம் வாடிக்கையாளர்கள் போன பிறகு, முதலாளி பூட்டை எடுத்துக்கொண்டு வந்தார். கொட்டாவி வாசல் நடுவில், கால் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். டீச்சர் உள்ளே ஹாங்கர்களுக்கு நடுவில் நின்றாள். ஒன்றும் பேசாமல் கவனி என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தது.

"என்னய்யா, வீட்டுக்குப் போகலையா?"

"காலைக் கழுவிட்டுப் போங்க முதலாளி. உங்க பலகைதான் சொல்லுது."

"கட்டு நனையும்."

"சிலிண்டர் மேலேருந்து விழும். விழுந்தா மேல்பாதம்தான் நசுங்கும். உங்களுக்கு உள்ளங்காலுல ரத்தம் ஊறியிருக்கு. கட்டுல தெரியுது. சிலிண்டர் தரைக்கு அடியிலேருந்து வந்து குத்திச்சா?"

முதலாளி வலது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கரையோரப் பாறையில ஒட்டியிருக்கற சிப்பி, பிளேடு மாதிரி. வெறுங்காலோட அதுமேல ஏறிக் கரைக்கு வந்தா இப்படித்தான் கிழியும். மிதவையிலேருந்து மேலாக்க நீந்தினா அந்தப் பாறைக்குத்தான் வர முடியும். தலை முங்காம நீந்தறவருக்கு அது பெரிய தூரம் இல்ல." கொட்டாவி வாயைப் பொத்தி ஒரு கொட்டாவி விட்டான். "அன்னைக்கு மாஸ்டர் சூட்டுல போனது நீங்க. தண்ணில இருந்து படகுக்காரருக்குக் கட்டைவிரலைக் காட்டினது நீங்க. எனக்கு இன்னைக்குக் காலையில காட்டின அதே விரல்."

"கட்டைவிரல் காட்டினா என்ன தப்பு? உலகமே காட்டுது."

"உலகம் காட்டும். மாஸ்டர் காட்ட மாட்டாரு. ஜெனரேட்டரை ஏன் முதலாளி காலையிலேயே தள்ளி வெச்சீங்க?"

பூட்டு முதலாளி கையிலிருந்து நழுவவில்லை. அவர் அதை நிதானமாக மேஜைமேல் வைத்தார். ரொம்ப நாளாகத் தூக்கிக்கொண்டு திரிந்த ஒன்றை இறக்கி வைப்பதுபோல் இருந்தது. பிறகு தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் கொல்லல," என்றார்.

"தெரியும்."

"காலையில யாரும் வர்றதுக்கு முன்னாடி அவன் சிலிண்டரை மாட்டிக்கிட்டுத் தொட்டியில முங்கிப் பாப்பான். தினம் பண்றதுதான். சூட்டு ஆணியில தொங்கிச்சு, வெறும் அரை டிராயரோட இறங்கினான். திரும்பி வந்து பாக்கறேன், அடியில கிடக்கான். கொக்கிக் கம்பால இழுத்து மேல போட்டேன். முடிஞ்சு போச்சு. என் காத்துல செத்துப்போனான்னு தெரிஞ்சா கடை இல்ல. கடல்ல போனா… கடல் மேல யாரு கேஸ் போடப்போறா?"

"படகுக்காரர் மேல போட்டாங்க."

"சண்டை போட்டாங்கல்ல, அதுக்காக நாலு நாள் விசாரிப்பாங்க, விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்."

"மாஸ்டர் எங்க?"

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். "கடல்லதான். அதுல நான் பொய் சொல்லல. சாயங்காலம் எல்லாரும் தேடப் போனாங்கல்ல, நானும் தனியா ஒரு படகுல போனேன். சுத்தி இருந்த படகுலேருந்தெல்லாம் அவனைக் கூப்பிட்டுக் கத்தினாங்க. அவன் என் காலடியில, சாமான் பையில இருந்தான்."

ஹாங்கர்களுக்கு நடுவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டீச்சர் வெளியே வந்து நின்றாள்.

"திரும்பி வந்து பாக்கறேன்னு சொன்னீங்களே," என்றாள். "எங்கேருந்து திரும்பி வந்து? முன்னாடி ஒருதடவை பாத்தீங்களா?"

"பாத்தேன். அப்ப நல்லாத்தான் இருந்தான். நான் எட்டிப் பாத்தப்போ அடியிலேருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். நானும் காட்டிட்டு, போன் அடிச்சுது, உள்ள வந்துட்டேன். நல்லாயிருக்கேன்னு அவனே சொன்னான், அப்புறம் எப்படித்தான்…"

கொட்டாவிக்கு ஒரு கணம் தூக்கம் முழுதாகப் போய்விட்டது. இதை அவன் எதிர்பார்க்கவில்லை. அவன் தேடி வந்த கட்டைவிரல் கடலில் படகுக்காரருக்குக் காட்டியது. அதற்கு முன்னால் இன்னொன்று இருந்திருக்கிறது. அதுதான் சரியான பாஷையில், சரியான ஆள், சரியான நேரத்தில் காட்டியது.

"பின்னாடி பாருங்க," என்றாள் டீச்சர்.

"என்ன?"

"உங்களுக்குப் பின்னாடி. சுவத்துல."

முதலாளி நாற்காலியோடு திரும்பினார். அத்தனை வருஷமும் வாடிக்கையாளர்கள் அவர் தலைக்கு மேலாகப் பார்த்த படம். அவர் ஒருநாளும் திரும்பிப் பார்க்காத படம். வரிசையாகக் கைகள், ஒவ்வொன்றின் கீழும் அதன் அர்த்தம். முதல் வரிசையிலேயே கட்டைவிரல். அதன் கீழே, எழுத்துக் கூட்டிப் படிப்பவனுக்கும் தெரிகிற பெரிய எழுத்தில்: என்னை மேலே கொண்டு போ.

அவர் அதை வெகு நேரம் படித்தார். பிறகு தன் வலது கையை மடியில் வைத்து, கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி, இடது கையால் மூடிக்கொண்டார்.

வாசலில் பட்டாசு இன்ஸ்பெக்டரோடு வந்து நின்றாள். இன்ஸ்பெக்டர் உள்ளே கால் வைக்கும் முன், பலகையைப் படித்துவிட்டு, பூட்ஸை என்ன செய்வது என்று தெரியாமல் தயங்கினார்.

"அப்படியே வாங்க சார்," என்றான் கொட்டாவி. "இனிமே இங்க யாரும் கழுவப் போறதில்ல."

மறுநாள் காலை போலீஸ் ஸ்டேஷன் வாசலில் படகுக்காரரின் மனைவி நின்றாள். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. கொட்டாவி மதில் சுவரில் சாய்ந்து, நின்றபடியே கண்ணை மூடியிருந்தான்.

"சம்பளம் வாங்கினீங்களா அத்தான், அந்த ஒரு நாளுக்கு?" என்றாள் பட்டாசு.

"முதலாளியே உள்ள இருக்காரு."

"வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே கடைய மூடின பெருமை உங்களுக்குத்தான். அடுத்தவாட்டி பாங்க்ல சேராதீங்க, என் பணம் அங்க இருக்கு."

டீச்சர் விடியும் முன்பே போலீஸ் முக்குளிப்பவர்களோடு கடலுக்குப் போயிருந்தாள். இடம் காட்ட முதலாளி, அடையாளம் காட்ட அவள். ஒரே படகில்.

கதவு திறந்தது. படகுக்காரர் வெளியே வந்தார். தாடி வளர்ந்திருந்தது, சட்டை கசங்கியிருந்தது. வெயில் கூச, கண்ணை இடுக்கிக்கொண்டு தேடினார். மனைவியைப் பார்த்தார். இத்தனை நாள் என்ன ஆயிற்றோ என்று அவள் தவித்திருப்பாள் என்பது அவருக்குத் தெரியும். ஒன்றுமில்லை, நல்லாத்தான் இருக்கேன் என்று தூரத்திலிருந்தே சொல்ல நினைத்தார்போலும், கையை உயர்த்திக் கட்டைவிரலைக் காட்டினார்.

அவள் ஓடினாள். கட்டிக்கொள்ளத்தான் ஓடுகிறாள் என்று பட்டாசுகூட நினைத்தாள். அவள் போய் அந்தக் கையைப் பிடித்து, விரலை இரண்டு கையாலும் அழுத்தி மடக்கினாள்.

"வாயத் தொறந்து சொல்லுய்யா!" என்று கத்தினாள். "இனிமே எதுன்னாலும் வாயத் தொறந்து சொல்லு!"

அதற்குப் பிறகுதான் அழுதாள்.